விளக்கை ஊதிவிட்டுக் கேளுங்கள்

இந்த வாரத் தபாலில் முக்கால்வாசி ஒரே விளையாட்டைப் பற்றியது: மார்ச் 20, 2025 அன்று வெளியான ‘அசாசின்ஸ் கிரீட் ஷேடோஸ்’. பதினைந்து மணி நேரம் ஆடியிருக்கிறேன். கதை முடிய வெகுதூரம் இருக்கிறது. முதல் பந்தியில் உட்கார்ந்து எழுந்த கையோடு சொல்லும் ருசி இது. பாயசம் இன்னும் வரவில்லை.

ஒரே வார்த்தையில் சொல்லுங்கள். நன்றாக இருக்கிறதா? — ஈரோடு வாசகர்

இருக்கிறது.

ஒரே வார்த்தையில் முடித்துவிடாதீர்கள். விவரமாகச் சொல்லுங்கள். — பவானி வாசகர்

பவானிக்காரர்தான் என் ஆள். வாருங்கள், உட்காருங்கள்.

பதினாறாம் நூற்றாண்டு ஜப்பான். ஓடா நொபுநாகா நாட்டை ஒரு குடைக்கீழ்க் கொண்டுவர வாள் சுழற்றிய காலம். ஆடுவதற்கு இரண்டு பேர். இகா மலைநாட்டுப் பெண் நாவோயே, நாம் நிஞ்ஜா என்று சொல்லிப் பழகிய ஷினோபி. இன்னொருவர் ஆப்பிரிக்காவிலிருந்து வந்த யாசுகே, சாமுராய்.

நேற்று இரவு நாவோயேவோடு ஒரு கோட்டைக்குள் நுழைந்தேன். நல்ல மழை. காகிதக் கதவு போட்ட அறை, உள்ளே ஒரு விளக்கு, கதவில் காவலாளியின் நிழல். அவன் நகர்ந்ததும் உள்ளே புகுந்து விளக்கை அணைத்தேன். அறை மசிபோல இருண்டது. தரையோடு தரையாகப் படுத்து ஊர்ந்தேன். ‘அசாசின்ஸ் கிரீட்’ வரிசையில் இத்தனை விளையாட்டுகள் வந்தும் படுத்து ஊரும் வசதி இதில்தான் முதல்முறை. இரண்டு பேர் பேசிக்கொண்டே என் தலைக்கு ஒரு முழம் தள்ளி நடந்து போனார்கள். வெளிச்சத்தில் நிற்கிறோமா, இருட்டில் நிற்கிறோமா என்று திரையில் ஒரு குறி காட்டிக்கொண்டே இருக்கிறது. மழைச் சத்தம் காலடிச் சத்தத்தை விழுங்கிவிடுகிறது.

சின்ன வயதில் கரண்ட் போனதும் தெருவே ‘ஓ’ என்று கத்துமே, அந்தச் சந்தோஷத்தைக் கையில் கொடுத்து, மெயின் சுவிட்சையும் நம்மிடமே கொடுத்துவிட்டார்கள். இதற்கு மேல் என்ன வேண்டும், பவானி?

என் கம்ப்யூட்டரில் ஓடுமா? — கரூர்

16 ஜி.பி. ராம் வேண்டும். எஸ்.எஸ்.டி.யில் 115 ஜி.பி. காலி இடம் வேண்டும். இடத்துக்காகக் கல்யாண வீடியோவை அழித்துவிடாதீர்கள். அழித்தால் எந்த ஷினோபியாலும் உங்கள் வீட்டில் பதுங்க முடியாது.

‘ஸ்டெல்த்’ என்பதற்குத் தமிழில் என்ன? — தஞ்சாவூர்த் தமிழாசிரியர்

பதுங்கல். புலி பதுங்குவது பாய்வதற்கு. இவ்வகை விளையாட்டில் பதுங்கிக் கடந்துவிட்டால் பாயவே தேவையில்லை. அதுதான் முதல் மதிப்பெண்.

இப்படிப் பதுங்கி ஆடுவதை முதலில் கண்டுபிடித்தது யார்? — கோவை

1981-இல் சைலஸ் வார்னர் எழுதிய ‘காசில் உல்ஃபன்ஸ்டைன்’ இந்த வீட்டின் பாட்டி. அதிலேயே எதிரியின் சீருடையைப் போட்டுக்கொண்டு நழுவலாம். 1987-இல் ஹிடேயோ கோஜிமா ‘மெட்டல் கியர்’ செய்தார். அவருக்குக் கிடைத்த எம்.எஸ்.எக்ஸ். கணினியால் ஏகப்பட்ட எதிரிகளையும் குண்டுகளையும் ஒரே நேரத்தில் திரையில் காட்ட முடியவில்லை. சண்டை போட முடியாவிட்டால் சண்டையைத் தவிர்ப்பதையே விளையாட்டாக்குவோம் என்று திருப்பிப் போட்டார். வீட்டில் இருக்கும் நாலு காயை வைத்துக் கூட்டுக்கறி வைத்த கை அது.

பிறகு 1998. ‘டென்சு’, ‘மெட்டல் கியர் சாலிட்’, ‘தீஃப்’ மூன்றும் ஒரே வருடத்தில் வந்தன. மூன்றில் ‘தீஃப்’ என் குலதெய்வம். இந்தப் பகுதியைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு இது தெரியும், புதிதாக வந்தவர்களும் தெரிந்துகொள்ளுங்கள். கம்பளத்தில் நடந்தால் சத்தம் வராது, கல்தரையில் நடந்தால் டக் டக் என்று காட்டிக்கொடுக்கும். தண்ணீர் அம்பு விட்டுத் தீப்பந்தத்தை அணைக்கலாம். இருட்டும் சத்தமும்தான் அதில் உண்மையான ஆயுதங்கள். ‘ஷேடோஸ்’ 27 வருடம் கழித்து ‘தீஃப்’பிடம் பட்ட கடனை வட்டியோடு கட்டியிருக்கிறது.

நீங்கள் ஐ.ஜி.ஐ. ஆடியதுண்டா? — நாகர்கோவில்

ஆடியதுண்டாவா! 2000-இல் நார்வேக்காரர்கள் செய்த அந்த விளையாட்டுக்கு நம் ஊர் பிரவுசிங் சென்டர்களில் இருந்த மரியாதை பெரியது. நடுவில் சேவ் பண்ணும் வசதி கிடையாது. வேலி தாண்டி, கேமராவை ஏமாற்றி, அலாரத்தை அணைத்து, கடைசிக் கதவுக்கு வந்தபோது முதுகில் ஒரு குண்டு விழுந்தால் மறுபடி மலையடிவாரத்திலிருந்து தொடங்க வேண்டும். பின்னால் நிற்கும் நாலு பேரும் ‘இடதுபக்கம் ஒருத்தன்’ என்று கத்துவார்கள். மணி நேரத்துக்குக் காசு கட்டிய கூட்டம் அது, கவலை நியாயமானது. நம்மில் பலருக்குப் பொறுமையைக் கற்றுக்கொடுத்த பள்ளிக்கூடம் அதுதான். அந்தப் பள்ளிக்கு என் வணக்கம்.

நாவோயே, யாசுகே. யாரை எடுத்து ஆடலாம்? — விழுப்புரம்

நாவோயே பல்லி. சுவர், கூரை, உத்தரம் எல்லாம் அவளுக்குத் தரைதான். கொக்கிக் கயிறு வீசி ஏறுவாள். குளத்தில் மூழ்கி மூங்கில் குழாயால் மூச்சுவிடுவாள். ஆனால் நாலு பேர் சூழ்ந்துவிட்டால் அவள் பாடு திண்டாட்டம்.

யாசுகே கோயில் யானை. கதவு திறக்கும்வரை காத்திருக்கமாட்டார், கதவோடு உள்ளே வருவார். நாலு பேர் சூழ்ந்தால் திண்டாட்டம் அந்த நாலு பேருக்கு. கோபுர உச்சியிலிருந்து வைக்கோல் வண்டியில் குதிப்பது இந்த வரிசையின் முத்திரைக் காட்சி. நாவோயே குதித்தால் இலை விழுவதுபோல இருக்கும். யாசுகே குதித்தால் கீழே இருக்கும் சாமான்கள் நொறுங்கும். செய்தவர்கள் வேண்டுமென்றே அப்படி வைத்திருக்கிறார்கள். முதல்முறை பார்த்தபோது வாய்விட்டுச் சிரித்தேன்.

என் ஓட்டு பல்லிக்கு. இருட்டை விரும்புகிறவன் வேறு எப்படிப் போடுவேன்?

நிஞ்ஜா என்றால் கறுப்பு உடைதானே? — ஆரணி

வேலை நேரத்தில் விவசாயி, வியாபாரி, துறவி வேடம்தான் கைகொடுத்திருக்கும். பட்டப்பகலில் சந்தையில் முகமூடியோடு நின்றால் நாய்கூடக் குரைக்கும்.

நடக்கும்போது தரை கீச்சிடுகிறது. ஸ்பீக்கர் கோளாறா? — சிவகாசி

ஸ்பீக்கர் நன்றாக இருக்கிறது, தரைதான் பேசுகிறது! அதன் பெயர் உகுயிசுபாரி. உகுயிசு என்பது ஜப்பானில் இனிமையாகக் கூவும் ஒரு சின்னப் பறவை. பலகைக்கு அடியில் இரும்புப் பிடிகளும் ஆணிகளும் உரசி, மிதிக்கும்போதெல்லாம் கீச்சென்று ஒலிக்கும். கியோட்டோவின் நிஜோ கோட்டையில் இன்றும் கேட்கலாம். கள்ளக் காலடியைக் காட்டிக்கொடுக்கும் காவல் என்று கதை. பழசாகி ஆணி தளர்ந்ததால் வந்த சத்தம்தான் என்று சொல்கிறவர்களும் உண்டு. விளையாட்டு கதையின் பக்கம் நிற்கிறது, நானும் அந்தப் பக்கம்தான்.

மரப்படி வைத்த வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இது புதிதல்ல. இரண்டாவது ஆட்டம் சினிமா பார்த்துவிட்டுத் திரும்புகிற பிள்ளைக்கு எந்தப் படி கத்தும் என்று தெரியும். மூன்றாவது படி. அதைத் தாண்டி நாலாவதில் கால் வைக்க வேண்டும்.

வெயில் காலத்தில் ஆடுவது சுலபமா, குளிர்காலத்திலா? — ஊட்டி

ஊட்டியிலிருந்து இந்தக் கேள்வி வந்ததில் எனக்கு மகிழ்ச்சி. விளையாட்டுக்குள் பருவம் மாறுகிறது. கோடையில் புதர் அடர்ந்து மறைவு தருகிறது. அதே புதர் குளிர்காலத்தில் மொட்டையாகிவிடும். ஒளிந்திருந்த குளம் உறைந்து கட்டாந்தரை ஆகிவிடும். கூரையோரம் தொங்கும் பனிக்கூர் உடைந்து விழுந்தால் காவலாளி நிமிர்ந்து பார்ப்பான். போன மாதம் பார்த்து வைத்த வழி இந்த மாதம் உதவாது. ஆகவே கோடைதான் சுலபம். ஆனால் குளிர்காலத்தில்தான் நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஆடினேன்.

யூடியூபில் வழி பார்த்து ஆடலாமா? — பல இடங்களிலிருந்து

கூடாது. போன வாரமும் சொன்னேன், அடுத்த வாரமும் சொல்வேன்.

குறையே இல்லையா? — சேலம்

இருக்கிறது. மலைச்சரிவுகளில் காடு அடைத்துக்கொண்டு நிற்கிறது. குறுக்குவழி பார்க்கலாம் என்று ஏறினால் சறுக்கிச் சறுக்கிக் கீழே வர வேண்டியதுதான்; சாலையே கதி. யாசுகேவைக் கையில் எடுக்க வெகுநேரம் காத்திருக்க வேண்டும். கோட்டைக்குக் கோட்டை வேலை ஒன்றுபோலவே இருக்கிறது: தலைவர்களைத் தேடு, தீர்த்துக்கட்டு, பெட்டியைத் திற. பதினைந்து மணி நேரத்தில் இன்னும் சலிக்கவில்லை. ஐம்பதில் என்ன ஆகும் என்பதே என் கவலை.

இன்னொன்று. மறைந்து போய்க் கத்தியால் குத்தினாலும் சில பெரிய ஆட்கள் ஒரே குத்தில் சாகாமல் திரும்பி நிற்கிறார்கள். அவ்வளவு நேரம் ஊர்ந்து வந்ததற்கு மரியாதை வேண்டாமா? செட்டிங்ஸில் ஒரே குத்தில் முடியும்படி மாற்ற வழி இருக்கிறது. முதல் வேலையாக அதைப் போட்டுவிடுங்கள்.

ஜப்பானுக்குப் போகக் காசில்லை. இதை ஆடினால் போதுமா? — தேனி

ஒரு விஷயத்தில் போய்வந்தவர்களைவிட நீங்கள் மேல். பிவா ஏரிக்கரையில் நொபுநாகா கட்டிய அசுச்சி கோட்டை 1579-இல் எழுந்தது, 1582-இல் எரிந்துபோனது. அந்தக் கோட்டையில் இன்று எஞ்சியிருப்பது கல் அடித்தளமும் படிக்கட்டுகளும்தான். எந்த டிக்கெட் வாங்கினாலும் பார்க்க முடியாத அந்தக் கோட்டை இந்த விளையாட்டில் முழுதாக நிற்கிறது. மூன்றே வருடம் வாழ்ந்த கட்டடத்தின் உச்சியில் உட்கார்ந்து ஏரியைப் பார்க்கலாம். நான் காவலாளிகளை மறந்து கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

ஜப்பானில் கறுப்பு சாமுராயா? வரலாற்றை இஷ்டத்துக்கு வளைக்கலாமா? — மதுரை

யாசுகே நிஜமாக வாழ்ந்தவர். 1579-இல் இத்தாலியப் பாதிரியார் அலெஸ்ஸாந்த்ரோ வலிஞானோவோடு ஜப்பானில் வந்து இறங்கினார். 1581-இல் கியோட்டோவில் அவரைப் பார்க்கக் கூட்டம் முண்டியடித்தது. நொபுநாகா அந்த நிறத்தை நம்பாமல் கழுவிப் பார்க்க வைத்ததாகப் பாதிரியார்கள் எழுதிய கடிதங்களில் இருக்கிறது. பிறகு தன்னோடே வைத்துக்கொண்டார். நொபுநாகாவின் வரலாற்றை எழுதிய ஓட்டா கியூஇச்சியின் நூலிலும் யாசுகே வருகிறார். அதன் ஒரு பிரதியில் அவருக்கு வீடும் குறுவாளும் கொடுத்த செய்தி உண்டு. 1582-இல் அகெச்சி மிட்சுஹிதே துரோகம் செய்து ஹொன்னோஜி கோயிலில் நொபுநாகாவின் கதையை முடித்தபோது, யாசுகே ஓடிவிடவில்லை. நொபுநாகாவின் மகனிடம் போய்ச் சேர்ந்து சண்டையிட்டார். கடைசியில் வாளை ஒப்படைத்தார், பாதிரியார்களிடம் அனுப்பப்பட்டார். அதோடு ஏடு மூடிக்கொள்கிறது. சாமுராய் என்ற பட்டம் அவருக்கு எந்த அளவு பொருந்தும் என்று ஆய்வாளர்கள் விவாதிக்கிறார்கள், விவாதிக்கட்டும்.

விளையாட்டுக்காரர்கள் ஏடு சொல்லாத பக்கங்களைக் கற்பனையால் நிரப்பியிருக்கிறார்கள். அது அவர்கள் தொழில். எனக்குத் தொண்டையை அடைத்தது வேறொன்று. ஒரு மனிதனின் தோலைத் தேய்த்துப் பார்த்திருக்கிறார்கள், நிறம் போகிறதா என்று. கறுப்பாகப் பிறந்த பிள்ளையைப் பார்த்து வாய்க்கு வந்ததைச் சொல்லும் பழக்கம் நம் வீடுகளிலும் உண்டு, மதுரை. அந்தப் பிள்ளைகளில் ஒருவன் இன்று இந்த மனிதனைக் கையில் எடுத்து ஆடுவான், அவர் கண்ணால் ஒரு நாட்டைப் பார்ப்பான். இது நல்லது என்று முழு மனதோடு நினைக்கிறேன்.

என் மகனுக்கு 14 வயது. இதை வாங்கித் தரச் சொல்லி அடம்பிடிக்கிறான். — ஒரு அம்மா, கும்பகோணம்

வேண்டாம் அம்மா. ஐரோப்பாவில் இதற்கு 18 வயது என்றும் அமெரிக்காவில் 17 என்றும் முத்திரை குத்தியிருக்கிறார்கள். ரத்தமும் வெட்டும் நிறைய. நாலு வருடம் போனால் அவனே ஆடிக்கொள்வான், கோட்டை எங்கும் ஓடிவிடாது.

அதுவரை ‘அன்டைட்டில்ட் கூஸ் கேம்’ வாங்கிக் கொடுங்கள். ஆஸ்திரேலியாவில் செய்தது, 2019-இல் வந்தது. ஒரு வாத்து. அமைதியான கிராமம். தோட்டக்காரரின் சாவியைத் திருட வேண்டும். புதருக்குப் பின்னால் ஒளிவது, அவர் திரும்பும் நேரம் பார்ப்பது, கவ்விக்கொண்டு ஓடுவது எல்லாம் உண்டு. ரத்தம் ஒரு சொட்டுகூடக் கிடையாது. ஹாங்க் என்று கத்துவதற்கென்றே தனிப் பொத்தான் இருக்கிறது. இரண்டு பேர் சேர்ந்தும் ஆடலாம். இன்னொரு வாத்தாக நீங்கள் உட்காருங்கள்.

நேராகப் போய் அடித்தால் முடிந்துவிடும். பதுங்கிக் கிடப்பதில் அப்படி என்ன சுகம்? — தூத்துக்குடி

அடிக்கப் போகிறவனுக்கு எதிரி மட்டும்தான் தெரிவான். பதுங்குகிறவனுக்கு எல்லாம் தெரிய வேண்டும். விளக்கு எங்கே, தரை கல்லா மரமா, காவலாளி எத்தனை அடி போய்த் திரும்புகிறான், மழை எப்போது ஓயும். ஒரு அறையைக் கடக்க அந்த அறையை மனப்பாடம் செய்ய வேண்டியிருக்கிறது. நாள் முழுக்க எதையும் பாதிக்கண்ணால் பார்த்துப் பழகிவிட்ட நமக்கு, இப்படிக் கூர்ந்து பார்ப்பதே பெரிய சுகம்.

நேற்று ஆடி முடித்தபோது நள்ளிரவு தாண்டியிருந்தது. தண்ணீர் குடிக்க எழுந்தேன், லைட் போடவில்லை. ஹாலில் அம்மா தூங்கிக்கொண்டிருந்தார். மேலே ஃபேன் மூன்று சுற்றுக்கு ஒருமுறை ‘டிக்’ என்றது. தெருவிளக்கு ஜன்னல் கம்பியின் நிழலைப் போர்வைமேல் போட்டிருந்தது. அம்மாவின் மூச்சில் சன்னமாக ஓர் இழுப்பு. பகலில் அது என் காதில் விழுந்ததே இல்லை. தண்ணீரைக் குடித்துவிட்டு, சத்தம் வராமல் டம்ளரைக் கவிழ்த்து வைத்தேன். காலையில் டாக்டரிடம் அழைத்துப் போனேன்.