கவுன்சிலரின் வெளியுறவுக் கொள்கை

2020 அக்டோபர் மழையில் ஹைதராபாத்தின் நாலாக்கள் என்னும் வடிகால்கள் தெருவுக்கு வந்தன. பல வீடுகளுக்குள்ளும் எட்டிப் பார்த்தன. டிசம்பர் 1-ல் மாநகராட்சித் தேர்தல், 150 வார்டுகள். சாக்கடையைப் பற்றிப் பேச இதைவிட நல்ல முகூர்த்தம் வாய்க்காது.

பேசினார்கள். பாகிஸ்தான், ரோஹிங்கியா, பழைய நகரத்தின் மீது சர்ஜிக்கல் ஸ்டிரைக்! கொசு மருந்து அடிக்கிற பதவிக்குத்தான் போட்டி என்பதை நடுநடுவே நினைவுபடுத்திக்கொள்ள வேண்டியிருந்தது. உள்துறை அமைச்சர் அமித் ஷா ரோடு ஷோ நடத்தினார். உத்தரப் பிரதேசத்திலிருந்து வந்த யோகி ஆதித்யநாத், ஊர்ப் பெயரையே பாக்யநகர் ஆக்கலாம் என்றார். ஆக, குப்பை வண்டி எந்தப் பெயருள்ள ஊருக்கு வரவில்லை என்பது மட்டும்தான் முடிவாக வேண்டியது.

வாக்குப்பதிவு 46 சதவீதம் சொச்சம். மீதிப்பேர் இன்னும் சேறு கழுவிக்கொண்டிருந்தார்களோ என்னவோ. டி.ஆர்.எஸ். 56, பா.ஜ.க. 48, மஜ்லிஸ் 44, காங்கிரஸ் 2.

தேசியத் தலைவர்கள் விமானம் ஏறிவிட்டார்கள். மேன்ஹோல் மூடியைக் காணோம் என்று இனி கவுன்சிலரிடம்தான் போக வேண்டும். எல்லைப் பிரச்சினை முடிந்து அவர் எப்போது வார்டுக்குத் திரும்புவார் என்று விசாரித்துவிட்டுப் போங்கள்.