பழம்படத்து விமானம் துணிதல்: ஓர் உரை

பழைய புகைப்படம் ஒன்றில் தெரியும் பெயர் அறியாத விமானத்தை இன்னதென்று துணிந்து கூறுவதே இங்கு எடுத்துக்கொண்ட பொருள். இதனால் யாருக்கு என்ன பயன் என்று வினவுவாரும் உளர். அவர்கள் இந்தத் துறைக்கு உரியவர் அல்லர்.

இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் படையினருக்கு இறக்கை, எஞ்சின், உடல், வால் என்ற நான்கு உறுப்புகளை வரிசையாகப் பார்க்கும்படி பயிற்சி தந்தார்கள். வானத்தில் பறப்பதற்கு அது போதும். மங்கிய படத்துக்குப் போதாது. விமானத்தைப் பார்த்து விமானத்தை அறிய முடியாது என்பதே நம் கோட்பாடு. அது வருமாறு.

முதலில் எந்தப் பக்கம் முன், எந்தப் பக்கம் பின் என்று தெளிய வேண்டும். இது அற்பக் கேள்வி அன்று. 1906 நவம்பர் 12-இல் பாரிஸில் சாந்தோஸ் துமோன் 220 மீட்டர் பறந்துகாட்டிய '14-பிஸ்' விமானம், வால் என்று எவரும் நினைக்கக்கூடிய பெட்டியை முன்னால் நீட்டிக்கொண்டு, எஞ்சினையும் விசிறியையும் பின்னால் வைத்திருந்தது. படத்தைப் பார்ப்பவர் அது பின்னோக்கிப் போகிறது என்றே சத்தியம் செய்வார். ஓட்டியவர் பிரம்புக் கூடை ஒன்றில் நின்றபடி பறந்தார். அவர் முகம் நோக்கும் திசையே முன் என்க. அவர் புகைப்படக்காரரைத் திரும்பிப் பார்த்திருந்தால் என் செய்வது எனின், அந்தப் படத்தை விலக்கிவிட்டு அடுத்ததை எடுத்துக்கொள்க.

அடுத்து இடவலம். நெகட்டிவைப் புரட்டி வைத்து அச்சிட்டால் இடம் வலமாகிவிடும். பெரும்பாலான விமானங்கள் இதைக் கண்டுகொள்வதே இல்லை. இரு பக்கமும் ஒன்றுபோல இருப்பதன் கேடு அது. மானமுள்ள விமானம் ஒன்று உண்டு: ஜெர்மனியில் ரிச்சர்ட் ஃபோக்ட் வடிவமைத்து 1938-இல் பறந்த ப்ளோம் உண்ட் ஃபாஸ் 141. எஞ்சின் பொருத்திய நீண்ட உடல் இடப்பக்கம். ஆட்கள் அமரும் கண்ணாடிக் கூண்டு தனியாக வலப்பக்கம். கூண்டு விமானத்தின் இடப்பக்கம் தெரிந்தால் படம் புரண்டது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். மற்ற விமானங்களுக்கு அருகில் நிற்பவரின் கோட்டைப் பார்க்க வேண்டும். ஆடவர் கோட்டில் இடப்புறத் துணி மேலே வந்து வலப்புறப் பொத்தானில் மாட்டும். இதில் அசட்டையாக இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்கக் கொள்ளைக்காரன் பில்லி தி கிட் சான்று. புரண்ட படம் ஒன்றை நம்பி அவனை நெடுங்காலம் இடக்கையன் என்றார்கள். 1958-இல் அந்தப் பெயரிலேயே ஒரு ஹாலிவுட் படமும் வந்துவிட்டது. அவனுக்கும் விமானத்துக்கும் தொடர்பில்லை. ஆயினும் எடுத்துக்காட்டு நன்று.

இனி நிறம். அக்காலத்து ஆர்த்தோகுரோமாட்டிக் புகைப்படத் தகட்டுக்குச் சிவப்பு தெரியாது. சிவப்பு கறுத்துப்போகும், நீலம் வெளுத்துப்போகும், மஞ்சளும் நம்பத்தக்கதன்று. முதல் உலகப் போரின் பிரிட்டிஷ் வட்டச் சின்னத்தில் நடுவில் சிவப்பு, வெளியே நீலம். பிரெஞ்சுச் சின்னத்தில் நேர்மாறு. ஆகவே நடுப்பொட்டு கறுத்திருந்தால் பிரிட்டன், வெளிவளையம் கறுத்திருந்தால் பிரான்ஸ். அழகான விதி. ஆனால் பிரான்ஸ் செய்த நியூபோர் விமானங்களைப் பிரிட்டிஷாரும் வாங்கி, தம் சின்னத்தைத் தீட்டிப் பறந்தார்கள். எனவே பொட்டு காட்டுவது உடையவனை, செய்தவனை அன்று.

விசித்திரமான விமானமே துணிதற்கு அரிது என்பர் ஒரு சாரார். அது பொருந்தாது. இத்தாலியில் கப்ரோனி 1921-இல் நூறு பயணிகளை ஏற்றும் நோக்கத்துடன் மஜோரே ஏரியில் இறக்கிய சி.ஏ.60-க்கு ஒன்பது இறக்கைகள், எட்டு எஞ்சின்கள். மிதக்கும் வீட்டின் மேல் மூன்று அடுக்குப் பரண்களை முன்னும் நடுவும் பின்னும் கட்டியது போன்ற தோற்றம். இரண்டாம் முறை பறந்தபோதே ஏரியில் விழுந்தது. இதன் படத்தை ஒருமுறை கண்ட குழந்தையும் மறுமுறை பிழைபடாது. இதில் ஆய்வாளனுக்கு வேலையே இல்லை.

வேலை இருப்பது ஆவ்ரோ 504 போன்ற எளிய ஈரடுக்கு இறக்கை விமானத்தில். 1913-இல் பறக்கத் தொடங்கிய இது பிரிட்டனில் மட்டும் 8,000-க்கு மேல் செய்யப்பட்டது. முதல் உலகப் போருக்குப் பின் காசு வாங்கிக்கொண்டு ஊராரை ஏற்றிப் பறந்ததால் குடும்பப் படங்களில் அடிக்கடி வரும். தூரத்தில் எல்லா ஈரடுக்கும் ஒன்றே. இதைக் காட்டிக்கொடுப்பது இரு சக்கரங்களுக்கு நடுவே முன்னோக்கி நீளும் ஒற்றைச் சறுக்குக் கட்டை. அந்தக் கட்டைக்கு நேர் முன்னால், கால்களைச் சேர்த்து வைத்து, தொப்பியைக் கையில் பிடித்தபடி ஒருவர் நிற்பார். அவர் ஏன் அங்கே நிற்கிறார் என்பதற்கு எந்த ஆசிரியரும் காரணம் கூறினாரில்லை. இரண்டடி விலகி நின்றிருந்தால் இந்தத் துறையில் பாதி தேவைப்பட்டிராது. அந்த வகையில் நாம் அவருக்குக் கடன்பட்டவர்கள்.

எஞ்சியது ஒரு வேண்டுகோள். பழைய படங்களை வைத்திருப்பவர்கள் சட்டத்துக்குள் அடங்கவில்லை என்று ஓரத்தை வெட்ட வேண்டாம். விமானத்தின் பதிவெழுத்து பெரும்பாலும் அந்த ஓரத்தில்தான் இருக்கிறது. அட்டையில் ஒட்டுமுன் பின்புறத்தையும் ஒருமுறை திருப்பிப் பாருங்கள். அங்கே பென்சிலால் விமானத்தின் பெயர் எழுதியிருந்தால், தயவுசெய்து எங்களிடம் சொல்லிவிட வேண்டாம்.