குருத்து ஒன்றுதான்

கே: வாசலில் அழகுக்கு வைத்த பேரீச்சை மரம் போன மாதம்வரை செழிப்பாக இருந்தது. இப்போது கொண்டை சரிந்து தொங்குகிறது. தண்ணீர் போதவில்லையா? (கோவை வாசகி)

ப: பெரும்பாலும் இது சிவப்புக் கூன்வண்டின் வேலை. அதன் புழுக்கள் தண்டுக்குள் மாதக்கணக்கில் தின்றிருக்கும். மாமரம் என்றால் பக்கத்தில் கிளைக்கும். இந்தத் தண்டுக்குக் குருத்து ஒன்றுதான், அது அழுகினால் மீட்பில்லை. வெட்டிய மரத்தை ஓரமாகப் போட்டுவைக்காதீர்கள். உள்ளே கூட்டுப்புழு இருக்கும். பிளந்து எரித்துவிடுங்கள், அடுத்த வீட்டுத் தென்னையாவது பிழைக்கட்டும்.

கே: இத்தாலியிலும் இதே வண்டு மரங்களைக் கொல்கிறது என்கிறான் அங்கிருக்கும் என் மகன். நம்பலாமா? (சேலம் வாசகர்)

ப: நம்புங்கள். தெற்காசிய, தென்கிழக்காசிய வண்டு இது. 1980களில் வளைகுடா, 1990களில் எகிப்தும் ஸ்பெயினும், 2004இல் இத்தாலி, 2006இல் பிரான்ஸ். கடலைப் பறந்தா கடந்தது? வளர்ந்த மரங்களை வேரோடு பெயர்த்து விற்றவர்கள் புழுவையும் சேர்த்தே கப்பலேற்றினார்கள். தலைமுறைகள் பார்த்து வளர்ந்த கேனரித் தீவுப் பேரீச்சைகள் தெருத்தெருவாகச் செத்தது எனக்கு ஆறாத வருத்தம். ஆனால் அதே கேனரித் தீவுகளுக்குள் 2005இல் புகுந்த வண்டை, வெளி மரங்களுக்குத் தடை போட்டு, மரம் மரமாகச் சோதித்து, 2016க்குள் ஒழித்தே விட்டார்கள். மனம் வைத்தால் முடிகிறது!

கே: விசேஷத்துக்கு முன் பச்சை மட்டைகளைச் சீவி மரத்தை அழகாக்கலாமா? (மதுரை வாசகி)

ப: வேண்டவே வேண்டாம். வெட்டுக்காயத்தின் வாடைக்குத்தான் வண்டு வரும், முட்டையும் அங்கேதான் வைக்கும். வெட்டியே ஆகவேண்டுமென்றால் தண்டிலிருந்து 120 செ.மீ. தள்ளி வெட்டுங்கள். ரம்பத்தையும் மரத்துக்கு மரம் கிருமிநீக்கம் செய்யுங்கள். கேனரிப் பேரீச்சையின் ஃபியூசேரியம் வாடல் நோய் ரம்பத்திலேயே ஊர் சுற்றும், அதற்கு மருந்தும் கிடையாது.

கே: முன்கூட்டியே கண்டுபிடிக்க வழி? (நாகர்கோவில் வாசகர்)

ப: தண்டில் காது வையுங்கள். புழு கடிக்கும் சத்தம் கேட்கும். துளை, பழுப்புச் சாறு, மென்று துப்பிய நார் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

கே: இனக்கவர்ச்சிப் பொறியை மரத்திலேயே கட்டலாமா? (பொள்ளாச்சி வாசகர்)

ப: தள்ளி வையுங்கள். வாடைக்கு வரும் வண்டெல்லாம் பொறியில் விழாது. பக்கத்தில் மரம் இருந்தால் அதில் இறங்கும்.

கே: அடித்தண்டில் தட்டுப்போலக் காளான். தட்டிவிட்டால் போதுமா? (தஞ்சை வாசகி)

ப: போதாது. அது கானோடெர்மா. வெளியே காளான் தெரிகிறதென்றால் உள்ளே அடித்தண்டு ஏற்கெனவே அழுகிவிட்டது. உங்கள் ஊர்ப் பெயரையே தாங்கிய தென்னை வாடல் நோய்க்கும் இந்த இனப் பூஞ்சைதான் காரணம். காற்றில் சாயும்முன் ஆளை வைத்து இறக்கிவிடுங்கள். அதே குழியில் இன்னொரு பனையினக் கன்றை நடாதீர்கள்.