சிநேகிதர் சிபாரிசு செய்த சந்தோஷம்

சிநேகிதர்கள் சிபாரிசு செய்யும் வைத்தியரிடம் போகாமல் நாள் கடத்தலாம், வரனைக்கூட ஜாதகத்தைக் காரணம் காட்டித் தட்டிக் கழித்துவிடலாம். ஆனால், "கேட்டுத்தான் பாருமேன், மனசு லேசாகிவிடும்" என்று அவர்கள் பிரியத்தோடு நீட்டும் சங்கீதத்திலிருந்து தப்புவதற்கு மட்டும் சாஸ்திரத்தில் மார்க்கமே இல்லை.

அவ்விதம் எனக்கு வாய்த்தது, அமெரிக்காவில் டல்லஸ் நகரத்து 'பாலிஃபோனிக் ஸ்ப்ரீ' என்னும் கோஷ்டி 2002-இல் வெளியிட்ட முதல் ஆல்பம். தம் பழைய குழுவின் கிதார்க்காரர் 1999-இல் காலமாகி, அக்குழுவும் கலைந்த பிறகு, டிம் டெலாட்டர் என்ற பாடகர் இருபதுக்கும் மேற்பட்டவர்களைத் திரட்டி, அத்தனை பேருக்கும் வெள்ளை அங்கி மாட்டி, எக்காளம், புல்லாங்குழல், ஹார்ப் சகிதமாகச் சூரியனையும் பகல் வெளிச்சத்தையும் ஸ்தோத்திரம் செய்ய வைத்தார். பார்ப்பவர்களுக்கு அது பஜனை மடமா, பாப் கச்சேரியா என்று சந்தேகம் எழுந்தால் அது பார்ப்பவர் குற்றமல்ல. பாட்டுகளுக்கோ, சட்டப் புத்தகத்தின் பிரிவுகளைப் போல, முதலாம் பகுதி, இரண்டாம் பகுதி என்று வரிசை எண்கள்!

ஒன்பது பகுதிகள் வரையில், வீட்டு வாடகை பாக்கியிருப்பவனும் வாய்விட்டுக் கூடப் பாடும்படியான உற்சாகம். பத்தாவது பகுதியில், முப்பத்தாறு நிமிஷங்களுக்கும் மேலாக ஒரே ரீங்காரம். சந்தோஷம் அளவு மீறினால் என்ன ஆகும் என்பதற்கு அதைவிடச் சிறந்த நிரூபணம் கிடையாது.

ஆகவே வாசகர்களுக்கு என் விண்ணப்பம் இதுவே: ஒன்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள், சிநேகிதர் விசாரித்தால் மட்டும், பத்தாவதுதான் பிரமாதம் என்று தயங்காமல் சொல்லிவிடுங்கள்.