சூட மிட்டாயும் பாலும்: கோமுகிக் கரையிலிருந்து ஓர் ஆய்வு

ரோஸ் மில்க்குக்கு ஒரு மரபு உண்டு. நன்னாரி சர்பத்துக்கு உண்டு. பானகத்துக்கும் நீர்மோருக்கும் ராமநவமி என்று நாளே குறித்தாயிற்று. பெப்பர்மின்ட் மில்க்‌ஷேக் மட்டும் கிறிஸ்துமஸ் சமயத்தில் கைபேசித் திரையில், சிவப்பு வெள்ளைக் கோடு போட்ட கைத்தடி மிட்டாய் ஒன்றைத் தலையில் செருகிக்கொண்டு, யார் வீட்டுக்கோ வந்த விருந்தாளி போலக் கூச்சத்தோடு நிற்கிறது. அதை உள்ளே கூப்பிட்டு உட்காரச் சொல்ல நம்மிடம் ஒரு கோட்பாடு இல்லாததே காரணம். அந்தக் குறையைப் போக்க முயல்கிறது இக்கட்டுரை. இது நிறுவ வருவது இவ்வளவுதான்: கள்ளக்குறிச்சி வட்டாரத்தில் இந்தப் பானம் விருந்தாளி கிடையாது, பங்காளி. தமிழ் நாக்கு இதை ஏற்கெனவே சூடத்தின் கணக்கில் வரவு வைத்துவிட்டது. பண்டிகை என்றால் நம் ஊரில் சூட வாசம். ஆகவே பண்டிகை மில்க்‌ஷேக்கைப் பெட்டிக்கடைச் சூட மிட்டாயைக் கொண்டு செய்வதே முறை. மற்றவை எல்லாம் பாடபேதம்.

முதலில் நில ஆதாரம். கல்வராயன் மலையில் பிறந்து, கச்சிராயபாளையத்துக்கு அருகே அணையில் தேங்கி, பிறகு சமவெளிக்கு இறங்கும் ஆற்றுக்குக் கோமுகி என்று பெயர். பசுமுகம் என்று பொருள். கருவறையிலிருந்து அபிஷேகப் பால் வெளியே வந்து விழுகிற கல் தூம்பையும் அப்படித்தான் சொல்கிறோம். மலைமேல் இருக்கிற முக்கியமான ஊர் வெள்ளிமலை. கோமுகியும் மணிமுக்தாவும் கடைசியில் போய்ச் சேர்கிற பேராறு வெள்ளாறு. அது பரங்கிப்பேட்டை பக்கம் கடலில் கலக்கிறது. வெள்ளியில் தொடங்கி, பசுவின் வாய் வழியாக வழிந்து, வெள்ளையாய் ஓடி முடிகிற ஒரு நீர்வழிக்குப் பாலோடு சம்பந்தமில்லை என்று யாராவது வாதிட்டால், ஆதாரம் காட்ட வேண்டிய பொறுப்பு அவர்களுடையது. ஊர்ப்பெயர் ஆராய்ச்சியில் இதைவிட மெலிந்த கயிற்றில் தேரே இழுத்திருக்கிறார்கள். அணைத் தண்ணீர் பாய்கிற வயலில் கரும்பு நிற்கிறது. கரும்பை அரைக்கக் கச்சிராயபாளையத்திலேயே கள்ளக்குறிச்சி இரண்டாவது கூட்டுறவு சர்க்கரை ஆலை இருக்கிறது, முதலாவது மூங்கில்துறைப்பட்டில். 2019 நவம்பர் 26 அன்று விழுப்புரத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டம் ஆனபோது, பெயரளவில் பாலையும் மூட்டைக் கணக்கில் சர்க்கரையையும் கையோடு கொண்டுவந்த ஊர் கள்ளக்குறிச்சி. மலையைக் கேட்டால் தேன் தரும், கடுக்காய் தரும், சாமையும் புளியும் மரவள்ளியும் தரும். பெப்பர்மின்ட் கேட்டால் மட்டும் பெட்டிக்கடைக் கண்ணாடி பாட்டிலைக் கை காட்டும்.

அந்த பாட்டிலில்தான் முக்கியமான சான்று கிடக்கிறது. வெள்ளையாக, தட்டையாக, வட்டமாக, வாயில் போட்டால் ஜில்லென்று மூக்குவரை ஏறுகிற அந்த மிட்டாய்க்குத் தமிழர்கள் வைத்த பெயர் சூட மிட்டாய். பெப்பர்மின்ட் என்ற சொல்லைக் கேட்காமல் இல்லை. ‘பப்பரமுட்டாய்’ என்று அதைத் தாராளமாகச் சிதைத்து, எந்தக் கடிமிட்டாய்க்கும் பொதுப்பெயராக ஆக்கியவர்கள்தான். ஆனால் அசல் பெப்பர்மின்ட் வாசம் வாய்க்கு வந்தபோது அந்தப் பெயரை ஒதுக்கிவிட்டுச் சூடம் என்றார்கள். மிட்டாயில் சூடம் ஒரு துளியும் கிடையாது. உருவம் சூட வில்லை போல இருந்தது ஒரு காரணம். மற்றது மூக்கின் தீர்ப்பு. அந்தத் தீர்ப்பு புதியதும் இல்லை. சளிப் பிடித்த குழந்தைக்கு வாட்டிப் பிழிந்து கொடுக்கும் கற்பூரவல்லி எந்தக் குடும்பத்துச் செடி என்று தாவரவியலைக் கேட்டால் புதினாக் குடும்பம் என்கிறது. துளசியும் அதே குடும்பம். செடிநூல் பிறப்பதற்கு முன்பே நம் பாட்டிமார்கள் இந்தக் குடும்பத்தின் ஓர் உறுப்பினருக்குக் கற்பூரம் என்று இனிஷியல் போட்டுவிட்டார்கள். இப்போது பெருமாள் கோயில் தீர்த்தத்தை எடுத்துக்கொள்ளுங்கள்: தண்ணீர், துளசி, பச்சைக் கற்பூரம். அதாவது புதினாவின் சொந்தக்காரி ஒருத்தியும் கற்பூரமும் சேர்ந்த குளிர்ந்த நீர். திருக்கோவிலூர் உலகளந்த பெருமாள் சன்னதியில் உள்ளங்கை குழித்து அதை வாங்கிக் குடித்த நாக்குக்குப் பெப்பர்மின்ட் மில்க்‌ஷேக் அந்நியச் சுவை என்பது, அத்தை வீட்டுக்கு வழி கேட்பது போன்றது. (பூஜைக்கு ஏற்றும் சூடத்தைப் பாலில் போடலாமா என்று ஆர்வலர் யாரேனும் நினைத்தால், கூடாது. அது தட்டுக்கு உரியது; தின்னத்தக்கது அல்ல.)

எதிர்வாதங்களில் மூத்தது சளி. ஐப்பசி அடைமழையில் தீபாவளி வருகிறது, மார்கழிப் பனியில் கிறிஸ்துமஸ் வருகிறது; இரண்டிலும் ஐஸ் பாலைக் குடித்தால் மூன்றாம் நாள் மூக்கடைக்கும் என்கிறார்கள் வீட்டுப் பெரியவர்கள். மதிக்க வேண்டிய வாதம்தான். ஆனால் அதே பெரியவர்களின் அகராதியில் குளிர்ச்சிக்கும் தெர்மாமீட்டருக்கும் என்றைக்கும் உறவு இருந்ததில்லை. ஃபிரிட்ஜில் ஒரு இரவு முழுக்கக் கிடந்த மாம்பழம் அவர்களுக்குச் சூடு. வெயிலில் வைத்திருந்த மோர் குளிர்ச்சி. ஐஸ் வாட்டர் குடித்தால் உடம்பு சூடாகும் என்று சொல்லும் வீடுகள் ஏராளம். வெப்பநிலை வேறு, வெப்ப உணர்வு வேறு என்ற இந்த நுட்பத்தை உலகம் ஒப்புக்கொள்ள 2021 வரை ஆயிற்று. அந்த ஆண்டு மருத்துவ நோபலைப் பெற்ற டேவிட் ஜூலியஸ், ஆர்டெம் படாபுடியன் இருவரும் குளிரை உணரும் டிஆர்பிஎம்8 என்ற நரம்பு வாங்கியை, பெப்பர்மின்ட்டுக்கு அந்த ஜில்லைத் தரும் மென்தாலை வைத்துத் தனித்தனியே பிடித்தவர்கள். ஜூலியஸ் அதற்கு முன்பே மிளகாய்க் காரத்தைக் கொண்டு சூட்டை உணரும் வாங்கியையும் பிடித்திருந்தார். மிளகாயும் புதினாச் சத்தும்: ஒரு சட்னிக்கான சாமானில் பாதியைக் கொண்டு நோபல் வாங்கியிருக்கிறார்கள். அவர்கள் கண்டதன் சாரம், மென்தால் எதையும் குளிர்விப்பதில்லை. குளிர் வந்துவிட்டது என்று நரம்பிடம் சொல்கிறது, நரம்பு நம்புகிறது. கள்ளக்குறிச்சிக்காரருக்கு இந்த வேறுபாட்டை விளக்குவது சுலபம். மலை உண்மையாகவே குளிர்விக்கும். 1,000 மீட்டர் ஏறினால் சுமார் 6.5 டிகிரி குறையும் என்பது கணக்கு. 4,000 அடியைத் தொடும் பெரிய கல்வராயனுக்குச் சமவெளியிலிருந்து போனால் ஏறக்குறைய ஏழு டிகிரி லாபம். அதற்கு பஸ், வளைவு, குமட்டல் என்று செலவும் உண்டு. அந்த பஸ்ஸிலேயே ஜன்னலோரம் சூட மிட்டாயைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு போகிறவருக்கு அடிவாரத்திலேயே வெள்ளிமலை வந்துவிடுகிறது, ஒரு டிகிரிகூடக் குறையாமல். சளி வாதத்துக்கு இன்னும் ஒரு பதில் மிச்சமிருக்கிறது. மூக்கடைப்புக்குத் தடவும் தைலத்தில் இருப்பதும் இதே மென்தால். அதுவும் மூக்கைத் திறப்பதில்லை, காற்று தாராளமாகப் போவதுபோல் உணரவைக்கிறது. போதாததற்குத் தாவரவியலாளர் லின்னேயஸ் 1753இல் பெப்பர்மின்ட் செடிக்கு வைத்த ‘பைபரிட்டா’ என்ற பெயருக்கு மிளகுத்தன்மை கொண்டது என்று அர்த்தம். சளிக்கு மிளகுப் பால் கொடுக்கும் சமூகம் மிளகின் பெயர் தாங்கிய பாலுக்கு அஞ்சுவது முறையா? ஐஸின் மீது மட்டும் குற்றச்சாட்டு நிற்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். மழை நாளில் பாலைக் கட்டியாக உறையவிடாமல் வெறுமனே ஜில்லாக்கினால் போதும். மீதியை நரம்பு பார்த்துக்கொள்ளும்.

இரண்டாவது எதிர்வாதிகள் இயற்கைவாதிகள். கடை மிட்டாய் எதற்கு, கொல்லையில் பச்சைப் பசேலென்று புதினா இருக்கிறதே, அதை அரைத்து ஊற்றினால் உடம்புக்கும் நல்லது என்பார்கள். இது பெயர் மயக்கத்தால் வந்த பிழை. பெப்பர்மின்ட் என்பது நம் புதினாவும் நீர்ப்புதினா என்று சொல்லத்தக்க ஐரோப்பியச் செடியும் கலந்து பிறந்த கலப்பினம். விதை பிடிக்காது, தண்டை ஒடித்து நட்டுத்தான் வளர்க்க வேண்டும். அதன் எண்ணெயில் மென்தால் மிகுதி. நம் சந்தைக் கட்டுப் புதினாவில் வாசம் தருவது பெரும்பாலும் கார்வோன் என்ற வேறு சரக்கு, மென்தால் பேருக்குத்தான். அதனால் அது மணக்கும், ஜில்லென்று ஏறாது. மேலும் புதினா வாசம் தமிழ் மூளையில் போய் இறங்குகிற இடம் பிரியாணி. பாலில் அரைத்துப் பாருங்கள்: குளத்துப் பாசி நிறத்தில் நுரைத்து, ஓரத்தில் இலைத் துணுக்கு ஒட்டி, குடிக்கிறவர் கண் தானாகவே தொட்டுக்கொள்ள வெங்காயப் பச்சடியைத் தேடும். தேன் ஊற்றலாமே என்று மலைப்பற்றாளர் சிலர் சொல்வதும் உண்டு. கல்வராயன் தேன் தனியாக நக்கிச் சாப்பிட வேண்டியது. மென்தாலோடு மல்லுக்கு நிறுத்தினால் இரண்டும் கெடும்.

உண்மையிலேயே கனமான ஆட்சேபம் மூன்றாவது: இது பற்பசை மாதிரி இருக்கிறது. ஒரு வாய் குடித்ததும் கொப்பளித்துத் துப்பத் தோன்றுகிறது என்கிறார்கள். சிரித்துத் தள்ளக் கூடிய விஷயம் இல்லை இது. சூடக் கோட்பாடு சரி என்றால், அதே நாக்கு தினம் காலையில் பல் துலக்கும்போதும் மென்தாலைச் சந்திக்கிறது. வருஷத்துக்கு நாலு பண்டிகை என்றால் பற்பசைக்கு 365 நாள். பழக்கத்தின் எடை அந்தப் பக்கம்தான் அதிகம். இங்கே கோட்பாட்டைக் காப்பாற்றுவது கொழுப்பு. மென்தால் தண்ணீரில் கரைய மறுக்கும், கொழுப்பில் குடியிருக்கும். கொழுப்பு குறைந்த பாலில் அது ஒட்ட இடமின்றி ஒரேயடியாக மேலே வந்து மூக்கில் அடிக்கிறது: பற்பசை. கொழுப்பு நிறைந்த பாலில் தங்கி, மெல்ல மெல்ல வெளியே வருகிறது: பானம். ஆகவே ஆட்சேபம் மிட்டாயின் மீது போட வேண்டியதல்ல, பாக்கெட்டின் நிறத்தின் மீது. ஆவின் நீல பாக்கெட்டில் கொழுப்பு 3 சதவீதம், ஆரஞ்சில் 6. சிக்கனம் கருதி நீலத்தை எடுத்தவர்கள்தான் துப்ப இடம் தேடுகிறவர்கள். கறந்த எருமைப்பால் கிடைக்கிற வீட்டுக்கு இந்தச் சிக்கலே இல்லை. அதே காரணத்தால் நாட்டு மருந்துக் கடையில் புதினா உப்பு என்று விற்கும் மென்தால் படிகத்தை வாங்கிப் போடுவதும் வேண்டாம். எவ்வளவு போட்டால் போதும் என்று கையால் அளக்க முடியாத சரக்கு அது, கொஞ்சம் தவறினால் எந்தக் கொழுப்பும் காப்பாற்றாது. மிட்டாயில் சர்க்கரையே பெரும்பங்கு, வாசம் சிறுபங்கு; அளவை மிட்டாய் செய்தவரே நமக்காகப் பார்த்து வைத்திருக்கிறார்.

செய்முறைக்கு வருவோம். மில்க்‌ஷேக் கெட்டியாக இருக்க ஐஸ்கிரீம் வேண்டும் என்பது நகரத்து எண்ணம். ஜூஸ் கடைக்காரர்கள் பாக்கெட்டைப் பிரிக்காமலே ஃபிரீசரில் போட்டு, பாறையானதும் கல் மேடையின் விளிம்பில் நாலு தட்டுத் தட்டி, பிளாஸ்டிக்கை உரித்துச் சில்லுகளை மிக்சியில் கொட்டுகிறார்கள். வீட்டிலும் அதுவே போதும். கவனம் தேவைப்படுவது மிட்டாயில். முழு மிட்டாயை உறைபாலோடு போட்டால் பிளேடில் கடகடவென்று சுற்றிவிட்டு, கரையாமல் டம்ளர் அடியில் கல்லாக உட்கார்ந்துகொள்ளும். டம்ளருக்கு நாலு மிட்டாயைத் துணியில் முடிந்து குழவியால் தட்டி, பொடியை இரண்டு கரண்டி வெதுவெதுப்பான பாலில் முதலில் கரைத்துவிட வேண்டும். கொதிக்கிற பால் கூடாது. மென்தால் ஆவியாகிப் போய்ப் பக்கத்து வீட்டுக்குப் பண்டிகை வந்துவிடும். பிறகு சில்லும் கரைசலும் சேர்ந்து ஒரே ஓட்டு. எவர்சில்வர் டம்ளரில் ஊற்றியதும் வெளிப்புறம் வியர்த்து, விரல் வைத்த இடம் மட்டும் பளபளப்பாகத் தெரிந்தால் பதம் சரி. அந்த டம்ளருக்குள் நடப்பதைப் புரிந்துகொள்ள மறுபடியும் திருக்கோவிலூருக்குத்தான் போக வேண்டும். முதலாழ்வார் மூவரும் மழை இரவில் ஒருவர் படுக்க, இருவர் இருக்க, மூவர் நிற்க மட்டுமே இடமுள்ள இடைகழியில் ஒதுங்கியதும், கண்ணுக்குத் தெரியாத நாலாவது ஆள் ஒருவர் உள்ளே வந்து நெருக்கியதும் ஊரறிந்த கதை. பால், சர்க்கரை, வாசம் என்று மூன்றே சாமான் நிற்கிற டம்ளரிலும் நாலாவதாகக் குளிர் ஒன்று வந்து நெருக்குகிறது. அதில் எவ்வளவு ஃபிரீசர் கொடுத்தது, எவ்வளவு நரம்பு இட்டுக்கட்டியது என்று குடிக்கிறவரால் பிரித்துச் சொல்ல முடிவதில்லை.

பெயர்ச் சிக்கல் ஒன்றுதான் பாக்கி. இத்தனை சான்றுக்குப் பிறகும் இதைப் பெப்பர்மின்ட் மில்க்‌ஷேக் என்று அழைப்பது ஆய்வுக்கே துரோகம். மிளகுப் பால், மஞ்சள் பால், பாதாம் பால் என்ற வரிசையில் இதற்கு இலக்கணப்படி அமையக்கூடிய பெயர் சூடப்பால். சூடம், பால், அவ்வளவு சுத்தமான புணர்ச்சி. தமிழார்வம் மிக்க கடைக்காரர் எவரும் பலகையில் எழுதலாம். ஆனால் கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் ஒரு டீக்கடை முன்பு நின்று “அண்ணே, ஒரு சூடப்பால்” என்று கேட்டால், மாஸ்டர் பாய்லரிலிருந்து மொண்டு, நுரை பொங்க இரண்டு ஆற்று ஆற்றி, ஆவி பறக்க டம்ளரைக் கையில் கொடுத்துவிட்டு, “ஆடை போடவா, வேணாமா?” என்று கேட்பார்.