நாரையின் முதுகு

கேள்வி: வடுவூர் ஏரியில் காலை முழுக்க கேமராவும் கையுமாகக் காத்திருந்தேன். நத்தைகுத்தி நாரை கடைசிவரை முதுகைத்தான் காட்டியது. ஏன் சார் இப்படி? (வாசகர், மன்னார்குடி)

பதில்: உங்கள் ஆதார் அட்டைப் படத்தை அது பார்த்திருக்குமோ!

துப்பறியும் நாவல் எழுதிய வடுவூர் துரைசாமி ஐயங்காரின் ஊர் அது; ஒளிந்திருந்து பார்ப்பவரை அங்கே பறவைக்கும் தெரியும். மேட்டூர்த் தண்ணீர் வந்து ஏரி நிறைந்ததும், கார்த்திகை வாக்கில் மறுபடி போங்கள். முகம் காட்டினால் அலகைப் பாருங்கள்: பாக்குவெட்டி மாதிரி நடுவில் இடைவெளி, முழுசாக மூடாது. வயல் நத்தையைப் பிடிக்க வாகான அலகு.

கூடு பக்கம் மட்டும் நெருங்க வேண்டாம். தாய் எழுந்து பறந்தால், முட்டை காக்கைக்கு.