மொய் நோட்டில் ஏறாத பணம்

அறுப்பின் பண்டிகை முடிந்த வாரம் இது. கொண்டப்பநாயக்கன்பட்டியில் என் வீட்டு மேசையில் சேர்ந்திருக்கும் கடிதங்களில் பாதிக்கு மேல் காணிக்கையைப் பற்றித்தான். இந்த முறை அதற்கே இடம் ஒதுக்கிவிட்டேன்.

கே: தசமபாகத்தை மொத்தச் சம்பளத்தில் கணக்குப் போடுவதா, பிடித்தம் போகக் கைக்கு வருவதிலா? — வாசகர், அஸ்தம்பட்டி

ப: எதில் போட்டாலும் சரி, அது யார் வயிற்றுக்குப் போகிறது என்பதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். உபாகமம் 14-ஆம் அதிகாரத்தில் ஒரு ஏற்பாடு இருக்கிறது. மூன்றாம் வருடத்துப் பத்தில் ஒரு பங்கு ஊரைவிட்டு எங்கும் போகக் கூடாது. நிலமில்லாத லேவியன், பிழைக்க வந்த வெளியூர்க்காரன், அப்பா இல்லாத பிள்ளை, விதவை ஆகியோர் அந்த ஊரிலேயே அதை வயிறாரச் சாப்பிட வேண்டும். தசமபாகப் பிரசங்கம் நிறையக் கேட்டிருக்கிறேன்; இந்தப் பகுதியைத் தொட்டவர்கள் குறைவு. புதிய ஏற்பாட்டுக்கு வந்தால், சகேயு சொத்தில் பாதியைத் தந்தான், ஏழை விதவை தன்னிடம் இருந்த இரண்டு காசையும் போட்டாள். இருவரிடமும் இயேசு பத்து சதவீதம் கேட்கவில்லை.

கே: மொய்க்கும் காணிக்கைக்கும் என்ன வித்தியாசம்? — வாசகி, கன்னங்குறிச்சி

ப: நோட்டு. மொய் வைத்தால் மண்டபத்து வாசலில் ஒருவர் பேரும் ஊரும் கேட்டு எழுதிக்கொள்கிறார். நாளைக்கு நம் வீட்டு விசேஷத்தில் அது திரும்பி வரும். அதில் தப்பில்லை, கை மாற்றிக் கை கொடுத்துத்தான் நம் குடும்பங்கள் கல்யாணம் முடிக்கின்றன. ஆனால் விருந்து வைத்தால் திருப்பிச் செய்ய முடியாதவர்களைக் கூப்பிடு என்றார் இயேசு. லூக்கா 14-இல் இருக்கிறது. நோட்டில் எழுத வழியில்லாத ஆட்களாகப் பார்த்து வைக்கும் மொய் அது.

கே: அறுப்பின் பண்டிகையில் ஒரு பூசணிக்காயை ஆயிரக்கணக்கில் ஏலம் எடுக்கிறார்கள். பெருமைக்குத்தானே? — வாசகர், கோரிமேடு

ப: சிலருக்கு இருக்கலாம். ஆனால் நான் இந்த வருடம் பார்த்ததைச் சொல்கிறேன். மேசை நிறைய மரவள்ளிக் கிழங்கு, தேங்காய், கால் கட்டிய சேவல், வாழைத்தார், யாரோ மலையிலிருந்து கொண்டுவந்த மிளகு. கடைசியில் ஒரு கட்டு முருங்கைக்கீரை. வீட்டு வேலைக்குப் போகும் ஒரு அம்மா, வாசலில் நிற்கும் மரத்திலிருந்து பறித்து, வாழைநாரால் கட்டிக்கொண்டு வந்தது. இலை லேசாக வாடியிருந்தது. ஏலம் 50 ரூபாயில் தொடங்கி 300-க்குப் போனது. எடுத்தவர் கையில் வாங்கி, மறுபடியும் ஏலத்துக்கே விட்டார். அடுத்தவரும் அப்படியே செய்தார். நான்கு கை மாறி, கடைசியாக எடுத்தவர் அந்தக் கட்டை அந்த அம்மாவின் மடியிலேயே வைத்துவிட்டுப் போனார். அன்று ராத்திரி அவர்கள் வீட்டில் அதே கீரைதான் குழம்பு. 50 ரூபாயும் பெறாத ஒரு கட்டுக்குப் பின்னால் சபையே வரிசையில் நின்றதை நான் பெருமை என்று சொல்ல மாட்டேன்.

கே: என் மகன் மாதம் தவறாமல் சபைக்குப் பத்தில் ஒரு பங்கு கொடுக்கிறான். என் சர்க்கரை மாத்திரைக்குப் பணம் கேட்டால், “அது கர்த்தருக்கு எடுத்து வைத்ததும்மா” என்கிறான். நான் கேட்டது தப்பா ஐயா? — ஒரு தாய், நாமக்கல்

ப: தப்பே இல்லை அம்மா. இந்தப் பதிலை மகனிடம் படித்துக் காட்டுங்கள்.

தம்பி, இந்த வழக்கு ஏற்கெனவே இயேசுவிடம் போய்த் தீர்ப்பாகிவிட்டது. மாற்கு 7-ஆம் அதிகாரத்தை எடு. அப்பா அம்மாவுக்குச் சேர வேண்டியதைக் ‘கொர்பான்’ என்று சொல்லி, அதாவது கடவுளுக்குக் காணிக்கையாகிவிட்டது என்று சொல்லி, கையை விரித்தவர்கள் அன்றும் இருந்தார்கள். உங்கள் சம்பிரதாயத்தால் கடவுளின் கட்டளையையே செல்லாததாக்குகிறீர்கள் என்று அவர்களை நேருக்கு நேர் கண்டித்தார். அம்மாவின் மாத்திரைப் பணத்தைக் காணிக்கைப் பையில் போட்டால், அது உன் காணிக்கை இல்லை, அவர்களுடையது. இந்த மாதம் மருந்துக்கடைக்கு நீயே போ. சீட்டை அவர்கள் கையிலிருந்து வாங்கிக்கொண்டு போ. சொந்த வீட்டாரைக் கவனிக்காதவனைப் பற்றிப் பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதியது இதைவிடக் கடுமை. அதையும் வாசி.

கே: ஆயிரம் விதைத்தால் நூறு மடங்கு அறுக்கலாம் என்று டிவியில் சொல்கிறார்களே? — வாசகர், ஓமலூர்

ப: தள்ளி எடுத்தால் கூட வரும் என்று போடுவது ஏலச்சீட்டு. அதைக் காணிக்கை என்று சொல்லாதீர்கள். எருசலேமில் வறுமைப்பட்டிருந்த சபைக்காகப் பணம் திரட்டிய பவுல், மக்கெதோனியாக்காரர்களை உதாரணம் காட்டுகிறார். அவர்களே பரம ஏழைகள். எங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று கெஞ்சிக் கொடுத்தார்கள். கொடுத்து அவர்கள் பணக்காரர் ஆனதாகப் பவுல் எழுதவில்லை. கடன் வாங்கிக் காணிக்கை அனுப்பிவிட்டு வட்டி கட்டும் குடும்பங்களை எனக்குத் தெரியும். கேட்டவர்கள் அந்த வட்டியையும் கட்ட வேண்டும் என்பது என் கட்சி.

கே: கொடுப்பவர் என்று நம் பக்கத்தில் யாரைக் காட்டுவீர்கள்? — வாசகி, ராசிபுரம்

ப: உங்கள் ஊரிலிருந்து தெரியும் மலையைப் பாருங்கள், கொல்லிமலை. ஈவ்லின் பிராண்ட் என்று ஒரு அம்மா. 1879-இல் லண்டனில் வசதியான வீட்டில் பிறந்தவர், நன்றாகப் படம் வரைவார். கணவர் ஜெஸ்ஸி பிராண்டோடு கொல்லிமலையில் குடியேறினார். காய்ச்சலுக்கு மருந்து கொடுத்தார்கள், பள்ளிக்கூடம் நடத்தினார்கள், நரம்புச் சிலந்தி கண்ட காலிலிருந்து புழுவைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றி எடுத்தார்கள். 1929-இல் கருநீர்க் காய்ச்சலில் ஜெஸ்ஸி இறந்தார். படிக்க அனுப்பிய பிள்ளைகள் இருவரும் அப்போது இங்கிலாந்தில்.

இன்னொருவராக இருந்தால் கப்பல் ஏறியிருப்பார். இந்த அம்மா இந்தியாவிலேயே ஊழியம் பார்த்தார். எழுபதை நெருங்கும் வயதில் ஓய்வு பெறச் சொன்னது மிஷன். பெற்றார், பெற்ற கையோடு தன் சொந்தப் பொறுப்பில் மறுபடி மலை ஏறினார். இடுப்பு எலும்பு முறிந்த பிறகு இரண்டு கையிலும் மூங்கில் தடி ஊன்றி நடந்தார், குதிரையில் போனார். கொல்லிமலையோடு நிற்காமல் பச்சைமலை, கல்வராயன் மலை என்று போய்க்கொண்டே இருந்தார். 1974-இல், 95 வயதில், காலமானார். மலைமேல் கணவருக்குப் பக்கத்தில்தான் கல்லறை.

1914-இல் பிறந்து கொல்லிமலையில் வளர்ந்த மகன் பால் பிராண்ட்தான், வேலூர் சி.எம்.சி.யில் தொழுநோயாளிகளின் மடங்கிப்போன விரல்களை அறுவை செய்து நிமிர்த்திய மருத்துவர். அம்மாவைப் பற்றி அவர் சொன்ன ஒரு செய்தியை என்னால் மறக்க முடிவதில்லை. கடைசி இருபது வருடம் அந்த அம்மா தன் வீட்டில் முகம் பார்க்கும் கண்ணாடியே வைத்துக்கொள்ளவில்லையாம். படம் வரைந்த கண். அந்தக் கண்ணுக்குப் பார்க்க எதிரே வேறு முகங்கள் இருந்தன.

கே: எங்கள் சபையில் எல்லாம் தினக்கூலிகள். நாங்கள் என்னத்தைக் கொடுத்து என்ன ஆகும்? — வாசகர், சேந்தமங்கலம்

ப: உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனியாக ஒரு கலயத்தில் போடுவது தமிழ்க் கிறிஸ்தவ வீடுகளில் பழைய வழக்கம். பிடி அரிசிக் காணிக்கை என்பார்கள். எடுத்தது குறைந்ததாகப் பானைக்குத் தெரியாது. மிசோரம் பெண்கள் நூறு வருடத்துக்கும் மேலாக இதைத்தான் செய்கிறார்கள்; இன்று அந்தப் பிடி அரிசி வருடத்துக்குப் பல கோடி ரூபாயாகச் சேர்ந்து ஊழியத்துக்குப் போகிறது. 1903-இல் திருநெல்வேலியில் வேதநாயகம் அசரியாவும் நண்பர்களும் இந்திய மிஷனரி சங்கத்தைத் தொடங்கியபோது, வெளிநாட்டுப் பணம் வேண்டாம், நம் ஆட்கள், நம் பணம் என்றுதான் தொடங்கினார்கள். தெலுங்கு நாட்டுத் தோர்ணக்கல்லுக்கு ஆள் அனுப்பியது அந்தப் பணம். 1912-இல் அதே தோர்ணக்கல்லின் பேராயரானார் அசரியா, ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயர்.

கே: காணிக்கைக்கு வருமான வரிச் சலுகை உண்டா? — வாசகர், ஐந்து ரோடு

ப: ஆலயக் காணிக்கைப் பையில் போடுவதற்குப் பொதுவாகக் கிடையாது. 80ஜி அங்கீகாரம் உள்ள அறக்கட்டளைக்கோ ஆஸ்பத்திரிக்கோ தந்தால், பழைய வரிமுறையில் இருப்பவர்களுக்கு உண்டு. அங்கேயும் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் செல்லாது. காசோலையாகவோ வங்கி வழியாகவோ கொடுங்கள், ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

கே: பக்கத்து வீட்டார் மாரியம்மன் கோயிலுக்குப் போகிறவர்கள். கிறிஸ்துமஸுக்கு அரிசி கொடுக்கும்போது அவர்களுக்கும் கொடுக்கலாமா? — வாசகி, ஏற்காடு அடிவாரம்

ப: ஆடித் திருவிழாவுக்கு அவர்கள் கூழ் தந்தபோது உங்களிடம் ஞானஸ்நானச் சான்றிதழ் கேட்டார்களா? தாராளமாகக் கொடுங்கள். அடிபட்டுக் கிடந்தவனுக்காகச் சத்திரக்காரனிடம் இரண்டு வெள்ளிக்காசு எண்ணி வைத்த சமாரியன், அவன் எந்தக் கூட்டம் என்று விசாரிக்கவில்லை. கொடுத்த அரிசிக்குப் பதிலாக அவர்கள் ஆராதனைக்கு வர வேண்டும் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள். அப்படி எதிர்பார்த்தால் அதுவும் நோட்டில் எழுதிய மொய்யாகிவிடும்.

கே: எனக்கு வாரம் 20 ரூபாய் தருகிறார்கள். ஓய்வுநாள் பள்ளிக் காணிக்கைக்கு எவ்வளவு போட வேண்டும்? — ஐந்தாம் வகுப்பு, கொண்டப்பநாயக்கன்பட்டி

ப: நீயே முடிவு செய், கண்ணு. ஆலயத்து வாசலில் அப்பாவிடம் கையை நீட்டி வாங்கிப் போடாதே, அது அப்பாவின் காணிக்கை. சனிக்கிழமை ராத்திரியே உன் 20 ரூபாயிலிருந்து எடுத்து வேதப் புத்தகத்துக்குள் வைத்துவிடு. மீதியில் தேன்மிட்டாய் வாங்கினால், பெஞ்சில் உன் பக்கத்தில் உட்காருகிறவனுக்கும் சேர்த்து வாங்கு.